ஐயரம்மா மெஷினை நிறுத்தச் சொன்ன சேகரக் கமிட்டிக்கு

கர்த்தருக்குள் அன்பான சேகரக் கமிட்டி அண்ணன்மாருக்கும் மாமாமாருக்கும், கமிட்டியில் இருக்கிற இரண்டு அக்காமாருக்கும், ஸ்தோத்திரம்.

இதை மனுவாக எழுதிக் கூட்டத்தில் கொடுத்திருக்கலாம். கொடுத்தால் என்ன ஆகும் என்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். மினிட்ஸ் புத்தகத்துக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். அதனால்தான் எல்லோரும் பார்க்கிற மாதிரி எழுதுகிறேன். வெளியார் படித்தாலும் புரியட்டும்: எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவர்கள் பேச்சில் சபைப் போதகர்தான் ஐயர், அவர் மனைவி ஐயரம்மா, அவர்கள் குடியிருக்கச் சபை கொடுக்கிற வீடு குருமனை, அவர் பொறுப்பில் இருக்கிற சபைகள் சேர்ந்தது சேகரம், தேவாலயம்தான் கோயில். ஊர்ப் பெயரும் ஆள் பெயரும் போடவில்லை. யாருக்குப் புரிய வேண்டுமோ அவர்களுக்குப் புரிந்துவிடும்.

போன மாதக் கூட்டத்தில் இரண்டு காரியம் நடந்திருக்கிறது. முன்பு நம் சேகரத்தில் இருந்து பாளையங்கோட்டையில் மரித்துப்போன பழைய ஐயரம்மாவுக்கு எழுந்து நின்று மௌனம் அனுசரித்து, இரங்கல் தீர்மானம் போட்டிருக்கிறீர்கள். "தையல் தாலந்தால் சபைக்குத் தொண்டாற்றியவர்" என்று எழுதி ஞாயிற்றுக்கிழமை ஆராதனையிலும் வாசித்தீர்கள். நானும் அழுதேன். அதே கூட்டத்தில் நாலு அஜெண்டா தள்ளி இன்னொரு தீர்மானம்: இப்போதைய ஐயரம்மா குருமனையில் வைத்துக் கூலிக்குத் தைப்பதை நிறுத்திக்கொள்ள வேண்டும், கேட்டில் மாட்டியிருக்கும் போர்டை எடுத்துவிட வேண்டும். கூட்டத்துக்குத் தலைமை வகித்தவர் அந்தப் பெண்ணின் வீட்டுக்காரர். அவரையே மினிட்ஸில் கையெழுத்தும் போட வைத்திருக்கிறீர்கள். அன்றைக்கு ராத்திரி அந்த வீட்டில் யார் சாப்பிட்டிருப்பார்கள் என்று யோசித்தீர்களா?

சொன்ன காரணங்களும் என் காதுக்கு வந்தன. குருமனைக்கு மரியாதைக் குறைவு என்றார் ஒருத்தர். கரண்ட் பில் சேகரத்துப் பணம் என்றார் இன்னொருத்தர். ஊரில் கஷ்டப்படுகிற தையல்காரப் பிள்ளைகள் பிழைப்பு கெடுகிறது என்று மூன்றாவது ஒருத்தர் ரொம்ப மனதுருகிச் சொன்னாராம்.

அந்தத் தையல்காரப் பிள்ளை நான்தான். நம் சபையில் கடை போட்டுத் தைக்கிறவள் என்னைத் தவிர வேறு யார் இருக்கிறார்கள்? பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் 21 வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன், கமிட்டியில் பாதிப் பேர் வீட்டு ஜாக்கெட் என் மேஜையில்தான் கிடக்கிறது, துணி வாங்க வரும்போது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். நவம்பர் பாதி தாண்டினால் புதுத் துணி வாங்க எனக்குக் கை கிடையாது. டிசம்பர் 24 ராத்திரி 2 மணி வரைக்கும் கொக்கி வைத்துக்கொண்டிருந்துவிட்டு, கிறிஸ்மஸ் ஆராதனையில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து தூங்கி விழுந்த வருஷங்கள் எத்தனையோ. இந்த ஐயரம்மா வந்த பிறகு மூன்று கிறிஸ்மஸாகத்தான் முழித்திருந்து பிரசங்கம் கேட்கிறேன். அதிலும் அவர் செய்வது ஆரி. எனக்கு ஆரி தெரியாது. வெட்டாத துணியைக் கட்டையில் இழுத்துக் கட்டி, அதில் கை, கழுத்து, முதுகு எல்லாம் வரைந்து, வளைந்த ஊசியால் கீழே இருந்து நூலைக் கொக்கி கொக்கியாக எடுத்து, முத்தும் ஜரிகையும் கோத்துக் கொடுப்பது. அது முடிந்தால்தான் கத்தரிக்கே வேலை. கல்யாண ஜாக்கெட்டுக்கு முன்பெல்லாம் நம் ஊர்க்காரர்கள் திருநெல்வேலிக்கு பஸ் ஏறினார்கள். இப்போது அவர் ஆரி போட்டுத் தர, நான் வெட்டித் தைக்கிறேன். என் பிழைப்பு கூடியிருக்கிறது, அண்ணன்மாரே. என் பெயரைச் சொல்லி என் வாயிலேயே மண் போடாதீர்கள்.

கரண்ட் விஷயம் சின்னது, சொல்லிவிட்டுப் போகிறேன். தையல் மோட்டார் 100 வாட் என்று வைத்துக்கொள்வோம். 10 மணி நேரம் விடாமல் ஓடினால் 1 யூனிட். விடாமல் ஓட்ட முடியாது, பாதி நேரம் துணியைத் திருப்புவதிலும் ஊசி கோப்பதிலும் போய்விடும். சபையார் கூடிச் சாப்பிடுகிற அசனப் பண்டிகைக்குக் கோபுரத்தில் போட்ட சீரியல் லைட்டும், ஒலிபெருக்கியும் எத்தனை யூனிட் என்று கணக்கு எடுத்துவிட்டு அப்புறம் பேசுவோம்.

மிச்சம் இருப்பது மரியாதை. அதற்காகத்தான் இந்த மடல். இரங்கல் தீர்மானத்தில் நீங்கள் எழுதாமல் விட்ட கதை ஒன்று என்னிடம் இருக்கிறது.

பழைய ஐயரம்மா நம் ஊருக்கு வரும்போது எனக்குப் பத்து வயது. நாகர்கோவில் பக்கத்துக்காரர். "மக்களே" என்று கூப்பிடாமல் அவருக்குப் பேச்சே வராது. நாங்கள் பிள்ளைகள் அதைச் சொல்லிக் காட்டிச் சிரிப்போம். மாற்றலாகி லாரியில் சாமான் வந்து இறங்கின அன்று நடந்தது எனக்கு இன்றைக்கும் நினைவிருக்கிறது. ஐயர் தன் புஸ்தகப் பெட்டிகளை எண்ணிக்கொண்டு நிற்கிறார், அம்மா டிரைவர் பக்கத்து சீட்டிலிருந்து இறங்க முடியாமல் இறங்குகிறார், மடியில் பழைய சேலையில் சுற்றிய ஒரு பெரிய பொட்டலம். கைக்குழந்தை என்று நினைத்து என் அம்மா ஓடிப்போய் வாங்கப் பார்த்தால், கனம் தாங்காமல் கை கீழே போய்விட்டது. தையல் மெஷினின் தலை! கறுப்பு உஷா மெஷின், சீதனமாக வந்தது. ஸ்டாண்டையும் பலகையையும் லாரியில் போட்டுவிட்டுத் தலையை மட்டும் கழற்றி மடியில் வைத்துக்கொண்டே வந்திருக்கிறார்.

குருமனைப் பின்தாழ்வாரத்தில், முருங்கைமரத்தைப் பார்த்து அந்த மெஷின் இருந்தது. ஐயரம்மா நாலு மணிக்கு எழுந்து ஜெபித்துவிட்டு அடுப்பைப் பற்றவைத்தால், அப்புறம் ராத்திரி வரை வீடு அவருடையது இல்லை. காப்பி குடிக்க வருகிறவர், கல்யாண ஓலை எழுத வருகிறவர், சண்டை போட்டுவிட்டு வருகிறவர், ஐயர் இல்லையென்றாலும் உட்கார்ந்து பேசிவிட்டுத்தான் போவேன் என்கிறவர். துக்க வீடு என்றால் ஐயருக்கு முன்னால் அம்மா போய்விடுவார். பெண்கள் ஐக்கிய சங்கம், ஞாயிறு பள்ளி, ஆஸ்பத்திரியில் கிடக்கிறவர்களுக்குக் கஞ்சி. இதற்கெல்லாம் நடுவில், கிடைத்த நேரத்தில் டக டக டக என்று மிதி கேட்கும்.

அவரிடம் ஒரு அளவு நோட்டு உண்டு. தையல்காரி வைத்திருக்கிற நோட்டில் என்ன இருக்கும்? மார்பு 34, இடுப்பு 28, கை 9, அவ்வளவுதானே. அவர் நோட்டில் ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் பென்சிலில் பொடியாக இன்னொரு வரி இருக்கும். மகன் மிலிட்டரி. மாதவிலக்கு நிற்கவில்லை. மாமியார். குடி. காலை நாலு மணி ஜெபத்துக்கு அந்த நோட்டைத்தான் எடுத்து வைத்துக்கொள்வார் என்பது எனக்கு ரொம்பப் பிந்தித்தான் தெரிந்தது. டேப்பைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண்ணின் முதுகுக்குப் பின்னால் நின்று பாருங்கள், ஐயரிடம் சொல்லாததை, பெற்ற தாயிடம் சொல்லாததைச் சொல்லுவாள், முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை அல்லவா. சொல்லாவிட்டாலும் போன தடவை 34 இருந்தது இந்தத் தடவை 31 ஆகியிருப்பதை டேப் சொல்லிவிடும். தோள்பட்டையில் இருக்கிற தழும்பும் சொல்லிவிடும். ஒரு தடவை அப்படி ஒரு தழும்பைப் பார்த்துவிட்டு, தைத்த ஜாக்கெட்டைத் தானே எடுத்துக்கொண்டு அந்த வீட்டுக்குப் போய், புருஷன்காரன் கையில் கொடுத்து, "கை இறக்கமா வைக்கச் சொன்னா. ஏன்னு எனக்குத் தெரியும் மக்களே" என்று சொல்லிவிட்டுத் திரும்பி வந்தார். அவ்வளவுதான் சொன்னார். நான் பக்கத்தில் நின்றேன், அந்த ஆள் முகம் போன போக்கை மறக்க முடியாது.

ஜாக்கெட் என்றால் பக்கவாட்டில் உள்ளே முழுசாக ஒரு இஞ்ச் விட்டுத்தான் தைப்பார். "உடம்பு கூடும் குறையும், பிள்ளை உண்டாவா, பால் குடுப்பா, பிரிச்சு விட இடம் வேணும்" என்பார். வளர்கிற பிள்ளைகளின் பாவாடையில் கீழே இரண்டு மடிப்பு ஒளித்து வைத்திருப்பார், வருஷத்துக்கு ஒன்றாகப் பிரித்துவிடலாம். இன்றைக்கும் என் கடை ஜாக்கெட்டில் அந்த ஒரு இஞ்ச் இருக்கும்.

1992 நவம்பர் வெள்ளம் உங்களில் பலருக்கு நினைவிருக்கும். மலையில் கொட்டோ கொட்டென்று கொட்டி, அணைகளைத் திறந்துவிட்டு, தாமிரபரணி ஊருக்குள் வந்தது. ஆற்றங்கரைத் தெரு முழுக்கக் கோயிலிலும் பள்ளிக்கூடத்திலும் கிடந்தது. நம் ஆட்கள் மட்டும் இல்லை, எல்லாரும்தான். மூன்றாம் நாள் லாரியில் நிவாரணம் வந்தது. அரிசி, பாய், போர்வை, மூட்டை மூட்டையாகச் சேலை. அப்போதைய கமிட்டிக்காரர்கள் வரிசையில் நிற்க வைத்து நல்லபடியாகத்தான் விநியோகம் செய்தார்கள், குறை சொல்ல மாட்டேன். ஆனால் எங்கள் தெரு அத்தை ஒருத்தி மூன்றாம் வகுப்பு அறையை விட்டு வெளியே வரவே இல்லை. சேலை வாங்க வா என்றால் வரமாட்டேன் என்கிறாள். ஐயரம்மா உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து, கையைப் பிசைந்துகொண்டு நின்றார். சேலை வந்திருக்கிறது, ஜாக்கெட் எங்கே? உள்பாவாடை எங்கே? வெறும் சேலையை வைத்துக்கொண்டு ஒரு பெண் என்ன செய்வாள்? மூன்று நாளாக அதே ஈர ஜாக்கெட். அது கிழிந்தவள் போர்வையைப் போர்த்திக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருக்கிறாள். லாரி அனுப்பினவருக்கும் இறக்கினவருக்கும் அது தோன்றவில்லை, எல்லாரும் ஆம்பளைகள்.

அந்த வருஷம் பாடகர் குழுவுக்குக் கிறிஸ்மஸ் அங்கி தைக்க 40 மீட்டர் லாங்கிளாத் வெள்ளைத் துணி வாங்கி பீரோவில் வைத்திருந்தார்கள். ஐயரம்மா யாரிடமும் கேட்கவில்லை. அதை எடுத்து வந்து தாழ்வாரத்தில் விரித்து வெட்ட ஆரம்பித்தார். அளவெடுக்க நேரம் கிடையாது. 34, 36, 40 என்று மூன்றே அளவு, எல்லாவற்றிலும் உள்ளே அந்த ஒரு இஞ்ச். கரண்ட் இல்லை, மிதி மெஷினுக்கு அது வேண்டியதும் இல்லை. பக்கத்தில் ஒரு அரிக்கேன் விளக்கு. எனக்குப் பதின்மூன்று வயது. என் வேலை கொக்கி வைப்பது. இரண்டு ராத்திரியில் 31 ஜாக்கெட், மிச்சத்தில் 6 பாவாடை, பற்றாத பாவாடைக்குக் குருமனை ஜன்னல் திரை. கடைசியில் கொக்கி தீர்ந்துபோய் ஊக்கு குத்திக் கொடுத்தோம். மறுநாள் காலையில் வெள்ளை ஜாக்கெட்டில் அத்தனை பொம்பளைகளும் வரிசையில் வந்து நிற்க, "ஊரே பைபிள் உமன் ஆயிட்டுது" என்று யாரோ சொன்னார்கள். வெள்ளை உடுத்தி வீடு வீடாக வேதம் சொல்லப் போகிறவர்தான் பைபிள் உமன். அத்தனை கஷ்டத்திலும் சிரிப்பு. மூன்றாம் வகுப்பு அத்தை முதல் ஆளாக நின்றாள்.

அந்த இரண்டு ராத்திரியில் என்னைத் தூங்கவிடாமல் இருக்க அவர் சொன்னதுதான் மால்ட் அம்மா கதை. அவருடைய பாட்டி லேஸ் பின்னினவர். உருண்டைத் தலையணை மேல் புள்ளி குத்தின அட்டையை வைத்து, குண்டூசியாகக் குத்தி, நூல் சுற்றின கட்டைகளை இப்படியும் அப்படியும் மாற்றிப் போட்டுப் பின்னுகிற லேஸ். அதைக் கொண்டுவந்தது மார்த்தா மால்ட், லண்டன் மிஷன் மால்ட் ஐயரின் மனைவி, அதாவது நம் பேச்சில் சொன்னால் ஒரு ஐயரம்மா. 1819-ல் நாகர்கோவிலுக்கு வந்து, பெண்பிள்ளைகளைச் சேர்த்துப் படிப்பும் லேஸும் சொல்லிக்கொடுத்தார். பின்னின லேஸை என்ன செய்தார்கள்? விற்றார்கள், கமிட்டி அண்ணன்மாரே. விற்ற காசில் பெண்கள் படிப்பு நடந்தது. அடிமையாக இருந்த பெண்கள் சிலர் லேஸ் கூலியைச் சேர்த்துவைத்து எஜமானுக்குக் கொடுத்துத் தங்கள் விடுதலையையே வாங்கினார்கள். திருவிதாங்கூரில் அடிமைத்தனத்தைச் சட்டத்தில் ஒழித்தது 1855-ல். அதற்கெல்லாம் முன்னாலேயே ஊசியும் நூலும் சிலரை விடுவித்துவிட்டன.

ஜாக்கெட்டுக்கும் அவர்களிடம்தான் வர வேண்டும். மார்பை மறைத்துக்கொள்ளக் கூடாது என்று மேல்சாதிக்காரர்கள் நம் பாட்டிமார்களைத் தெருவில் சேலையை இழுத்துக் கிழித்த காலத்தில், மால்ட் அம்மாவும் அதே மிஷன் மீட் ஐயரின் மனைவியும் சேர்ந்து தளர்வாக, கை வைத்து ஒரு குப்பாயத்தை, அதாவது மேல்சட்டையை, வடிவமைத்துக் கொடுத்தார்கள். அந்தக் குப்பாயத்துக்காகவும் மார்பை மறைத்துப் போடுகிற தோள்சீலைக்காகவும் அடிதடி, கோயில் எரிப்பு, பள்ளி எரிப்பு எல்லாம் நடந்து, கடைசியில் 1859 ஜூலை 26-ல் அரசு அறிக்கை வந்தது. அதிலும் மேல்சாதிப் பெண்கள் மாதிரி உடுத்தக் கூடாது என்று ஒரு கொக்கி. நம் வீட்டுப் பெண்கள் போட்டிருக்கிற ஜாக்கெட்டின் கொள்ளுப்பாட்டி ஜாக்கெட்டை வெட்டினதே ஐயரம்மாமார்தான். குருமனையில் தையல் மரியாதைக் குறைவாம்!

மால்ட் அம்மாவின் மகள் எலைசா 1844-ல் கால்டுவெல் ஐயரைக் கட்டி இடையன்குடிக்கு வந்தார். அங்கேயும் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், அங்கேயும் லேஸ். கால்டுவெல் ஐயர் 1856-ல் ஒப்பிலக்கணம் வெளியிட்டதைப் பள்ளிக்கூடப் பிள்ளையும் சொல்லும். லேஸ் பற்றி இடையன்குடிப் பக்கத்து வயசான பெண்களைக் கேட்டால்தான் சொல்வார்கள். இன்னும் மேலே போக வேண்டுமா? புராட்டஸ்டன்ட் சபைகளுக்கு வழி திறந்த லூத்தர் ஐயர் 1525-ல் கட்டின கத்தரீனா அம்மா நிலம் உழுதார், மாடும் பன்றியும் வளர்த்தார், மாணவர்களுக்குக் காசு வாங்கிக்கொண்டு சோறு போட்டார், பீர் காய்ச்சினார். நல்லவேளை, அந்த அம்மாவின் வீட்டுக்காரருக்கு நம் சேகரத்துக்கு மாற்றல் வரவில்லை.

வெள்ளக் கதைக்கு வருகிறேன், அது முடியவில்லை. தண்ணீர் வடிந்து இரண்டு வாரத்தில் கமிட்டி கூடி, அங்கித் துணி எங்கே என்று கேட்டது. 40 மீட்டர், 720 ரூபாய். யாரைக் கேட்டு வெட்டினீர்கள்? ஐயர் தலையைக் குனிந்துகொண்டிருந்தார் என்று என் மாமா வீட்டில் வந்து சொன்னார், அவர் அப்போது கமிட்டியில் இருந்தார். ஐயர் சம்பளம் வருவதே மாசம் பாதியில், இரண்டு பிள்ளைகள் ஹாஸ்டலில். அந்த 720 ரூபாயை அடைக்கத்தான் ஐயரம்மா முதன்முதலாகக் கூலிக்குத் தைத்தார். அதையும் வெளியே தெரியாமல் தைத்தார், தெரிந்தால் அதற்கும் ஒரு கூட்டம் போடுவீர்கள் அல்லவா. என் அம்மா அக்கம்பக்கத்தில் துணி வாங்கி வைப்பாள், நான் அதைப் பள்ளிக்கூடப் பைக்குள் புஸ்தகத்துக்குக் கீழே வைத்து, குருமனைப் பின்கேட் வழியாகக் கொண்டுபோய்க் கொடுப்பேன், தைத்ததைத் திரும்பக் கொண்டுவருவேன். ஜாக்கெட்டுக்கு 8 ரூபாய். நாலு மாதத்தில் 720-ஐயும் பொருளாளர் கையில் கொடுத்து ரசீது வாங்கிவிட்டார். அந்தக் கிறிஸ்மஸுக்குப் பாடகர் குழு அங்கி இல்லாமல்தான் பாடியது. பாட்டு ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

இதை வெளியே சொல்லாதே என்று அவர் என்னிடம் வாக்கு வாங்கியிருந்தார். இத்தனை வருஷம் சொல்லவில்லை. இப்போது சொல்வதற்குக் காரணம் உங்கள் இரண்டாம் தீர்மானம்.

வேதத்தில் வருகிற தொற்காளைப் பற்றி வருஷத்துக்கு ஒரு தடவையாவது பெண்கள் ஞாயிற்றில் பிரசங்கம் வருகிறது. விதவைகளுக்குச் சும்மா தைத்துக் கொடுத்தாள் என்பதால் தொற்காளை எல்லோருக்கும் பிடிக்கும். நீதிமொழிகள் 31-ஐக் கல்யாண வீட்டில் வாசிக்கும்போது 24-ஆம் வசனத்தை நிறுத்தி வாசித்துப் பாருங்கள். மெல்லிய புடவைகளை உண்டுபண்ணி என்ன செய்கிறாள் அந்தக் குணசாலி? "விற்கிறாள்" என்று போட்டிருக்கிறது. பவுல் அப்போஸ்தலனே ஆக்கில்லா வீட்டில் தங்கிக் கூடாரம் தைத்தவர், அந்த வீட்டில் பிரிஸ்கில்லாளும் இருந்தாள். மூன்று பேரும் மெஷினை நிறுத்துங்கள் என்று கொரிந்து சபையில் தீர்மானம் போட்டதாக நான் வாசிக்கவில்லை.

உங்கள் பக்கத்தில் ஒரே ஒரு நியாயம் உண்டு, அதை மறைக்க மாட்டேன். ஐயர் வீட்டில் தைக்கக் கொடுக்காவிட்டால் மனத்தாங்கல் வருமோ என்று சிலர் சங்கடப்படலாம். ஜெபிக்க வருகிறவர் துணி மூட்டைக்கு நடுவில் உட்கார வேண்டி வரலாம். சரி, அதற்கு வழி இல்லையா? நேரம் வைக்கலாம், பின்தாழ்வாரத்துக்குத் தனி வாசல் இருக்கிறது, கூலி விவரத்தை என் கடையில் மாட்டியிருப்பது போல எழுதி மாட்டலாம். அவரிடமே உட்கார்ந்து பேசியிருந்தால் பத்து நிமிஷத்தில் முடிந்திருக்கும். படித்த பிள்ளை, காது கொடுத்துக் கேட்கும்.

அதை விட்டுவிட்டுக் கூலிக்குத் தைக்காதே என்கிறீர்கள், கூலி இல்லாமல் தைப்பதற்கு மட்டும் தடை கிடையாது. இந்த மூன்று வருஷத்தில் அந்தப் பிள்ளை கோயிலுக்குத் தைத்ததை ஒரு தொழில்காரியாக நான் கணக்குப் பார்த்தேன். பாடகர் அங்கி 22, ஒன்றுக்கு 400 ரூபாய் என்று நானே குறைத்துப் போட்டால் 8,800. பலிபீட விரிப்பு வெள்ளை, ஊதா, சிவப்பு, பச்சை என்று நாலு, கரை வேலையோடு ஒன்று 1,500, ஆக 6,000. கிறிஸ்மஸ் நாடகத்துக்குத் தேவதூதர் 8, மேய்ப்பர் 5, ஞானிகள் 3, ஒன்றுக்கு 150 வீதம் 2,400. மேய்ப்பர்களில் ஒருவன் பொருளாளர் அண்ணனின் பேரன், அவனுக்கு மட்டும் இரண்டு தடவை அளவு மாற்றித் தைத்ததை நான் சேர்க்கவில்லை. துணிதான் சேகரம் வாங்கிக் கொடுத்தது. நூல், ஜரிகை, லேஸ் அவர் கைக்காசு, 1,150. மொத்தம் 18,350. இதைக் கொடுங்கள் என்று அவர் கேட்கவில்லை, கேட்கவும் மாட்டார். சந்தோஷமாகத்தான் தைத்தார், ராத்திரி போன் பண்ணி "அக்கா, ஊதாவுக்கு எந்த ஜரிகை நல்லாருக்கும்" என்று கேட்டுக் கேட்டுத் தைத்தார். நான்தான் கேட்கிறேன். தீர்மானத்தை வாபஸ் வாங்குங்கள். முடியாது என்றால் இந்த 18,350-ஐ அடுத்த கூட்டத்தில் பாஸ் பண்ணுங்கள். குருமனையில் தையலே கூடாது என்றால் கோயில் தையலும் கூலி கொடுத்து வெளியேதான் தைக்க வேண்டும், அப்போது என் ரேட் இதைவிடக் கூட.

பழைய ஐயரம்மாவைக் கடைசியாகப் போன லெந்து தவக்கால நாட்களில் பார்த்தேன். ஐயர் ரிட்டயர் ஆன அன்றே குருமனையைக் காலி பண்ண வேண்டும், சொந்த வீடு கிடையாது, பாளையங்கோட்டையில் ஒரு சின்ன வாடகை வீட்டில்தான் கடைசி வரை இருந்தார்கள். ஐயர் போன பிறகும் அந்த வாடகையில் பாதி தையலில்தான் வந்தது. கண் மங்கிவிட்டது. என்னைப் பார்த்ததும் காப்பி கூடப் போடாமல், "மக்களே, முதல்ல ஊசி கோத்துத் தா" என்று பத்து ஊசியை நீட்டினார். கோத்து வரிசையாகத் தலையணையில் குத்தி வைத்தால் ஒரு வாரத்துக்கு ஓடும், மெஷினில் தைக்க முடியாவிட்டாலும் கைத்தையல் விரல் தடத்திலேயே வருகிறது என்றார். அடுத்த தெருப் பெண்ணுக்கு ஃபால்ஸ் வைத்துக்கொண்டிருந்தார். கூலி வாங்குகிறீர்களா என்று கேட்டேன். "வாங்காம? இப்ப எந்தக் கமிட்டி கேக்கும்?" என்று சிரித்தார்.

அடக்கத்துக்குப் போயிருந்தபோது அவர் மகள் அந்த அளவு நோட்டை என்னிடம் கொடுத்தாள். உங்கள் இரங்கல் தீர்மானத்தில் அவர் பெயர் இல்லை, இன்ன ஐயரின் துணைவியார் என்றுதான் இருக்கிறது. நோட்டில் ஒவ்வொருத்தி பெயரும் இருக்கிறது, உங்கள் அம்மாமார் பெயரும்தான். பக்கத்தில் பென்சிலில் என்ன எழுதியிருக்கிறது என்று என்னைக் கேட்காதீர்கள், நான் சொல்ல மாட்டேன்.

வருகிற திங்கள்கிழமை காலை 10 மணிக்கு, இரண்டு மீட்டர் பட்டுத் துணியைக் கையில் பிடித்துக்கொண்டு, பையில் போடாமல், முன்கேட் வழியாகக் குருமனைக்குப் போகிறேன். என் மகளுக்கு ஆரி போட. தையல்காரி தன் வீட்டுத் துணியை இன்னொருத்தரிடம் கொடுப்பது வழக்கமில்லை, இந்தத் தடவை கொடுக்கிறேன். முன்பணம் 1,000 கொடுத்தாயிற்று, துண்டுச் சீட்டில் கையெழுத்தும் வாங்கியிருக்கிறேன். யாராவது கூட வருவதென்றால் வரலாம்.

இப்படிக்கு,
பஸ் ஸ்டாண்டு தையல்கடைக்காரி

பி.கு.: செயலாளர் மாமா, அத்தை ஜாக்கெட் ரெடி. கை பிடிக்கிறது என்று போன தடவை சொன்னார்கள், உள்ளே துணி விட்டிருக்கிறேன், பிரித்துத் தருகிறேன். செவ்வாய்க்கிழமை வரச் சொல்லுங்கள், திங்கள் கடை கிடையாது.